ஆட்டுக்கிடையும் ஓநாயும்: ஒரு பழைய பகையின் வரலாறு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் இந்தப் பழமொழியைக் கேட்காத ஆளே இருக்கமாட்டார். ஆனால் இதைச் சொல்லுகிற நம்மில் எத்தனை பேர் ஓநாயைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? பேச்சில் பிராணி இருக்கிறது. காட்டில் காணோம். அது எங்கே போயிற்று, அது போனதால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

"இல்லாத ஓநாயைப் பத்தி எங்களுக்கு என்னய்யா கவலை? மக்காச்சோளத்தைப் பன்னி உழுதுட்டுப் போகுது, அதுக்கு ஒரு வழி சொல்லுமய்யா" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பன்றியின் கதைக்குப் போகிற பாதையும் இந்த ஓநாய் வழியாகத்தான் போகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எது ஓநாய், எது செந்நாய்?

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் தெரிந்துகொள்வோம். நம்ம பக்கம் செந்நாய், ஓநாய், நரி, குள்ளநரி நான்கையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

செந்நாய் மலைக்காட்டுப் பிராணி. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதற்கு வீடு. உடம்பு செம்பட்டை, வால் கறுத்துப் புசுபுசுவென்று இருக்கும். ஊளை இடாது, சீட்டி அடிப்பது போலக் கத்தும். நரி எட்டுப் பத்து கிலோ எடையுள்ளது. அந்தி சாய்ந்ததும் கூட்டாக ஊளையிடும். குள்ளநரி அதைவிடச் சிறியது. மூன்று கிலோ இருந்தால் பெரிது. வால் நுனி கறுப்பு. எலியும் பூச்சியும் பழமும் தின்று பிழைக்கும்.

ஓநாய் இவை எதையும் சேர்ந்ததல்ல. நம் நாட்டு ஓநாய் ஏறக்குறைய இருபது கிலோ எடை இருக்கும். நீண்ட கால், மெலிந்த உடல், பழுப்பும் சாம்பலும் கலந்த ரோமம். அடர்ந்த காடு அதற்கு ஒத்துவராது. முள்ளும் புல்லும் உள்ள வெட்டவெளி, ஓடைக்கரை, கல்லுக்குன்று இவைதான் அதற்குப் பிடித்த இடம். சொல்லப்போனால் கரிசல் காடும் செவல் காடும் மாதிரியான பூமி. பழைய தமிழ் அகராதிகளில் இதற்குக் கோநாய் என்றும் பெயர் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் கரிசல் குடும்பங்களுக்கு இது 'தோடேலு'. கன்னடத்தில் 'தோள'. இந்தியா முழுவதும் ஆடு மேய்த்த ஒவ்வொரு சனத்துக்கும் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. ஆட்டுக்காரன் பார்க்காத பிராணிக்குப் பேர் வைக்கமாட்டான்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் வளை தோண்டிக் குட்டி போடும். ஒரு ஈட்டுக்கு நாலைந்து குட்டி. தாயும் தகப்பனும், முந்திய ஈட்டுப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து வளர்க்கும். ஆக, ஓநாய்க் கூட்டம் என்பது கொள்ளைக் கூட்டம் இல்லை, ஒரு குடும்பம்.

கிடைக்காரரின் பழைய ஏற்பாடு

ரயிலும் லாரியும் வராத காலத்தில் நம்ம பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். கீதாரிக்குக் கூலி நெல்லாகவோ பணமாகவோ வரும். வெள்ளையில் செம்புள்ளி போட்ட வேம்பூர் ஆடு இப்படி நடந்து நடந்தே காலுக்கு உரம் ஏறிய இனம்.

வெட்டவெளியில் இரவில் நூறு, இருநூறு ஆடு படுத்திருந்தால் அதை மோப்பம் பிடித்து வருகிறவன் வரத்தானே செய்வான்? அதற்குக் கிடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? முள் வெட்டிச் சுற்றிலும் வளைத்தார்கள். குட்டிகளைத் தனியாகக் கூடைபோட்டு மூடினார்கள். கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆள் மாற்றி ஆள் காவல் படுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நாய் வளர்த்தார்கள்.

நாய் என்றால் நம்ம மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ராஜபாளையம் நாய்க்கு ஊர்ப் பெயரே பெயர். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாய்களுக்காகத் தபால் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் நாயும் இடம் பெற்றது. சிப்பிப்பாறை நாய்க்கும் ஊர்தான் பெயர். அந்த ஊரும் நம்ம மாவட்டம்தான். பக்கத்துத் தேனி மாவட்டத்தில் கோம்பை நாய். இத்தனை வகை நாயை நம் முன்னோர் அழகுக்காக வளர்க்கவில்லை. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தார்கள். இரவில் வாசலுக்கு வெளியே ஏதோ ஒன்று நடமாடிய காலத்தின் சாட்சி இந்த நாய்கள்.

இத்தனை காவலையும் மீறி ஒன்றிரண்டு ஆடு போகத்தான் செய்யும். தக்காணத்து மேய்ப்பர்களில் சிலர் அதை "அதோட பங்கு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். எல்லோரும் அப்படிப் பெருந்தன்மையாக இருந்தார்கள் என்று சொல்லவில்லை. வளையில் புகை போட்டுக் குட்டிகளைக் கொன்றவர்களும் உண்டு. ஆனால் ஓர் ஊர் ஓநாயை அந்த ஊரார் விரட்டுவது வேறு. ஒரு தேசம் முழுவதும் திட்டம் போட்டு ஒழிப்பது வேறு. அந்த இரண்டாவது காரியம் வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது.

தலைக்கு இவ்வளவு என்று விலை

பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு நிலவரிதான் பிரதான வருமானம். நிலம் உழப்பட வேண்டும், கால்நடை பெருக வேண்டும். அதற்கு இடைஞ்சலான பிராணிகளை 'கெட்ட மிருகம்' என்று பட்டியல் போட்டு, கொன்று கொண்டுவந்தால் சன்மானம் என்று அறிவித்தார்கள். புலி, சிறுத்தை, ஓநாய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. கணக்குப் பிள்ளைக்குத் தோலைக் காட்டினால் காசு.

வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் சர்க்கார் கணக்குகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் இந்தியாவில் 80,000-க்கு மேல் புலிகளும், 1,50,000-க்கு மேல் சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன என்கிறார். இரண்டு லட்சம் ஓநாய்! ஆண்டுக்கு நாலாயிரம், நாள் ஒன்றுக்குப் பத்துப் பதினொன்று. சன்மானம் வாங்க வராமல் செத்தவை இந்தக் கணக்கில் சேராது.

துப்பாக்கி ஒரு பக்கம் கொன்றது என்றால், கலப்பையும் வேலியும் இன்னொரு பக்கம் கொன்றன. ஓநாயின் இயற்கையான இரை வெளிமான். கூட்டம் கூட்டமாக மேய்ந்த இந்த மான்கள் வேட்டையாலும் மேய்ச்சல் நிலம் சுருங்கியதாலும் அருகிப்போயின. தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் அவற்றுக்கென்று ஒரு சரணாலயம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. மானும் இல்லை, வெட்டவெளியும் இல்லை. ஓநாய் எங்கே இருக்கும்?

இன்றைக்குத் தமிழ்நாட்டில் கர்நாடக எல்லையை ஒட்டிய வறண்ட பகுதிகளில்தான் ஓநாய் எப்போதாவது கண்ணில் படுகிறது. இந்தியா முழுவதற்கும் சுமார் 3,000 ஓநாய்கள் இருக்கலாம் என்று அண்மைக்கால ஆராய்ச்சி சொல்லுகிறது. அதாவது இப்போது நாட்டில் புலி எத்தனையோ, ஏறக்குறைய அத்தனையே ஓநாயும். புலிக்கு இருக்கிற மரியாதை இதற்கு இல்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளைத் தூக்கிய கதை பொய்யா?

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. ஓநாய் பரம சாது, அதன்மேல் வீண்பழி போட்டுவிட்டோம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது உண்மையில்லை. வட இந்தியாவில் ஓநாய் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. ஹசாரிபாக் பகுதியில் 1980-களில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் 1996-ஆம் ஆண்டு எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் தாக்கப்பட்டார்கள். அண்மையில் 2024-இல் அதே மாநிலத்து பஹ்ராயிச் மாவட்டத்தில் சில கிராமங்கள் இரண்டு மூன்று மாதம் தூங்கவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இயற்கையின் சமநிலையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய முடியுமா? முடியாது, கூடாது.

ஆனால் ஏன் அங்கே, ஏன் அப்போது என்று ஆராய வேண்டும். 1996-இல் நேரில் போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சில விஷயங்களைக் கண்டார்கள். காட்டில் இரை இல்லை. இருந்த ஆடு மாடுகளை ஏழைக் குடும்பங்கள் கதவடைத்துக் காத்தன; அதுதான் அவர்கள் சொத்து. குழந்தைகளோ கதவில்லாத குடிசையிலும் திண்ணையிலும் படுத்திருந்தன. ஆட்டைவிடப் பிள்ளை எளிதாக அகப்பட்டது. எல்லா ஓநாயும் இதைச் செய்யவில்லை. ஏதோ ஒரு சிலதான் இந்தக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொண்டன. அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் வதந்தி பரவிற்று. மனிதனே ஓநாய் வேடத்தில் வருகிறான் என்று நம்பி, வழிப்போக்கர்களை அடித்த கொடுமையும் நடந்தது. பயம் ஊருக்குள் புகுந்துவிட்டால் அது ஓநாயைவிட மோசம்.

ஆக, பாடம் என்ன? மனிதனைத் தாக்கப் பழகிய பிராணியை உடனே அகற்றத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. அதே சமயம் ஒன்று செய்த குற்றத்துக்கு இனத்தையே ஒழித்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு தேசத்தின் அனுபவம் இருக்கிறது.

ஜப்பான் விவசாயி கும்பிட்ட ஓநாய்

ஜப்பான் நாட்டு மலைக்கிராம விவசாயிகள் ஓநாயைக் கும்பிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 'பெரிய வாய்ச் சாமி' என்று அதற்குப் பெயர். டோக்கியோவுக்கு மேற்கே மலைப் பகுதியில் மிட்சுமினே என்ற கோயிலில் வாசல் காவலுக்கு இன்றும் ஓநாய்ச் சிலைதான் நிற்கிறது, நம் அய்யனார் கோயிலில் குதிரை நிற்பது போல. அந்தக் கோயிலில் ஓநாய்ப் படம் போட்ட தாயத்துச் சீட்டு வாங்கி வந்து வைத்துக்கொள்வார்கள். எதற்காக? வயலைப் பன்றியிடமிருந்தும் மானிடமிருந்தும் காப்பாற்றுவதற்காக!

அந்த நாட்டில் ஆடு வளர்ப்பு அவ்வளவு இல்லை. அதனால் ஓநாய் அவர்களுக்கு எதிரி இல்லை, பயிர்க்காவல்காரன். பின்னால் என்ன நடந்தது? 1730-களில் வெறிநோய் அந்தத் தீவுகளில் பரவியது. வெறி பிடித்த ஓநாய் மனிதரைக் கடிக்க ஆரம்பித்தது. சாமி சத்துரு ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே ஹொக்கைடோ தீவில் குதிரைப் பண்ணைகள் வைத்தபோது, இறைச்சியில் விஷம் வைத்து ஓநாய்களைக் கொன்றார்கள். என்ன விஷம் தெரியுமா? நம் எட்டிக்கொட்டையில் இருக்கிறதே, அதே விஷம். 1905-ஆம் ஆண்டு நாரா பகுதியில் கிடைத்த ஓர் ஓநாயோடு அந்த இனமே முடிந்தது.

இன்றைக்கு ஜப்பானில் காட்டு விலங்குகளால் ஆண்டுதோறும் ஏற்படும் பயிர்ச்சேதம் 1,500 கோடி யென்னைத் தாண்டுகிறது. அதில் பெரும்பகுதி மானும் பன்றியும் செய்வது. ஓநாய் போனது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிராமத்து இளைஞர்கள் பட்டணம் போனார்கள், வயல்கள் தரிசாயின, வேட்டைக்காரர்கள் குறைந்தார்கள். எல்லாம் சேர்ந்துதான் வினையாயிற்று. ஆனாலும் கும்பிட்ட பெரியவர்கள் ஒன்றும் மூடர்கள் இல்லை என்பது தெரிகிறது அல்லவா?

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற பெரிய தேசியப் பூங்காவிலும் 1926-க்குள் ஓநாயை ஒழித்தார்கள். கடமான் பெருகி, ஆற்றோர மரக்கன்றுகளை மொட்டையடித்தது. எழுபது ஆண்டு கழித்து 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கடமான் குறைந்தது, சில இடங்களில் மரம் தழைத்தது. எவ்வளவு தழைத்தது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒழிப்பதற்குக் காசு கொடுத்த அதே தேசம், திரும்பக் கொண்டுவரவும் காசு செலவழித்தது என்பதில் மட்டும் வாதம் இல்லை.

காலி இடம் காலியாக இராது

இனி நம் ஊருக்கு வருவோம். இயற்கையில் ஒரு வேலைக்காரன் போனால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. வேறொருவன் வந்து உட்காருவான். அவன் முன்னவனைவிட நல்லவனாக இருப்பான் என்று எந்த நிச்சயமும் இல்லை.

நம் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. 1923-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பின்னால் பட்டாசும் அச்சும் வந்தன. மழை பொய்த்த வருஷத்திலும் அடுப்பு எரிய அந்தத் தொழில்கள் உதவின. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆள் ஆலைக்குப் போனதும் பல காடுகள் தரிசாயின. தரிசில் சீமைக்கருவேல் ஏறியது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிந்த வெட்டவெளி இன்று முள் புதர். பன்றிக்குப் பகலெல்லாம் நிழலில் படுக்கை. ராத்திரி மக்காச்சோளமும் நிலக்கடலையும் விருந்து. குட்டிப் பருவத்தில் பன்றியைக் குறைக்கிற பெரிய பிராணி எதுவும் சமவெளியில் மிஞ்சவில்லை. ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு குட்டி போடுகிற பிராணி பெருகாமல் என்ன செய்யும்?

இன்னொரு காலி இடத்தில் தெருநாய் வந்து உட்கார்ந்தது. செத்த மாட்டை முன்பு கழுகு தின்றது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து கழுகுகளைக் கொன்றுவிட்டது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அதற்குள் கழுகு போய்விட்டது. ஊருக்கு வெளியே எறிந்த பிணத்தையும் கோழிக் கழிவையும் தின்று நாய்கள் கூட்டமாகப் பெருகின. ஓநாய் ஆட்டைப் பிடித்தால் பசிக்குப் பிடிக்கும், ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். நாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்தால் பத்துப் பதினைந்தைக் கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போகும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இப்படி ஆடுகள் செத்ததால், நாய் கடித்து இறந்த கால்நடைக்கும் இழப்பீடு உண்டு என்று 2025-இல் அரசு அறிவிக்க நேர்ந்தது. ஓநாய்க்குப் பயந்த காலம் போய், நாம் சோறு போட்ட நாய்க்குப் பயப்படும் காலம் வந்திருக்கிறது!

நரிதான் மிச்சம் இருக்கிற காவல்காரன்

ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்து உங்கள் காட்டில் விடச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். நரியும் குள்ளநரியும் நம் காடுகளில் எலியைத் தின்கின்றன, செத்ததைத் தின்கின்றன, பறவை முட்டையையும் பன்றிக்குட்டியையும் அகப்பட்டால் விடுவதில்லை. ஒரு குடும்பக் குள்ளநரி ஓர் இரவில் பிடிக்கிற எலியை நீங்கள் மருந்து வைத்துப் பிடிக்கக் கூலி கொடுக்க வேண்டும்.

ஆனால் என்ன செய்கிறோம்? பன்றிக்கென்று அவுட்டுக்காய் வைக்கிறோம். பட்டாசு ஊரில் வெடிமருந்துக்கா பஞ்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவுட்டுக்காய்க்குப் பன்றி எது, பசு எது என்று தெரியாது. 2020-ஆம் ஆண்டு கேரளத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்து ஒரு சினை யானை ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதை உருட்டும்போதே கை போனவர்களும் உண்டு. வெடிமருந்துச் சட்டமும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டும் சேர்ந்து பாயும். ஓநாய், நரி, குள்ளநரி எல்லாமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விஷம் வைப்பதும் அப்படித்தான். விஷம் தின்ற எலியைத் தின்ற நரியும், அந்த நரியைத் தின்ற உங்கள் வீட்டு நாயும் வரிசையாகச் சாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி வையுங்கள். இரவில் வெளிச்சம் இருக்கட்டும். குட்டிகளைத் தனியாக அடையுங்கள்.

காவல் நாய்க்குத் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். ஜப்பானில் சாமியைச் சத்துரு ஆக்கியது இந்த நோய்தான் என்பதை மறக்க வேண்டாம்.

செத்த கால்நடையை ஊருக்கு வெளியே எறியாதீர்கள். ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். எறிந்த பிணம் நாய்க் கூட்டத்துக்கு அழைப்பிதழ்.

ஆடு கடிபட்டுச் செத்தால் உடனே அகற்றாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லி, பரிசோதனைச் சான்று வாங்குங்கள். சான்று இல்லாமல் இழப்பீடு கேட்டு அலைவது வீண் அலைச்சல்.

பன்றி பயிரை அழித்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்யும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்கு வழி செய்து 2025 ஜனவரியில் அரசு அறிவித்திருக்கிறது. சுடுவது அவர்கள் வேலை. நம் வேலை அல்ல. ஊரோடு சேர்ந்து மனுக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

தரிசில் ஏறிய சீமைக்கருவேலை ஊர்கூடி வெட்டுங்கள். பன்றியின் படுக்கையைக் கலைத்தால் பாதி வேலை முடிந்தது.

நம் தாத்தாமார் முள்வேலியையும் நாயையும் நம்பிக் கிடை காத்தார்கள். பிறகு வந்தவர்கள் துப்பாக்கியையும் விஷத்தையும் நம்பினார்கள். துப்பாக்கி ஓநாயைத் தீர்த்தது. கிடையின் கவலையைத் தீர்க்கவில்லை. நாளை ராத்திரி உங்கள் காட்டுப் பக்கம் நரி ஊளையிட்டால் கல்லை எடுக்காதீர்கள். எலிக்குக் காவல் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பட்டிக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள்.